பாசித் தொட்டிக்கு பிளீச்சிங் மரியாதை

கும்மிடிப்பூண்டி வட்டாரத்துக்கு யாராவது பெரிய மனிதர் வருகிறார் என்றால், அவருக்கு முன்னால் பிளீச்சிங் பவுடர் வந்துவிடும். சாலையின் இரண்டு ஓரத்திலும் வெள்ளைக் கோடு. சாக்கடை அப்படியே இருக்கும், குப்பை அப்படியே இருக்கும், கொசு தன்பாட்டுக்குப் பறந்துகொண்டிருக்கும். ஆனால் கோடு இருக்கும். வருகிறவரும் காருக்குள் உட்கார்ந்தபடியே கோட்டைப் பார்த்து, சுகாதாரத்துக்குக் குறைவில்லை என்று மனநிறைவோடு போய்விடுவார். அந்தக் கோடு போடுவதில் வரதனை மிஞ்ச ஆள் கிடையாது.

கயிறு பிடிக்கமாட்டார். அடியில் ஆணியால் துளை போட்ட பால்பவுடர் டின் ஒன்றுதான் அவருடைய கருவி. அதைத் தட்டிக்கொண்டே பின்பக்கமாக நடப்பார். டின் நகர நகரக் கோடு நீளும். கலெக்டர் வந்தால் விரல் அகலம், அமைச்சர் வந்தால் கை அகலம், டெங்கு சமயத்தில் சுகாதாரத் துறைக்காரர்கள் வந்தால் இரட்டைக் கோடு. பக்கத்து ஊராட்சிக்காரர்கள் பைக் எடுத்துக்கொண்டு வந்து அவரை ஏற்றிப் போவார்கள். "வரதன் போட்டா ஸ்கேல் வெச்சு இழுத்தா மாதிரி கீதுப்பா" என்பார்கள். பிறகு அதே பைக்கில் திரும்பக் கொண்டுவந்து விடமாட்டார்கள். அவர் பஸ்ஸில் வரவேண்டும்.

கோடு போடுவது உபதொழில்தான். தேர்வாய் கண்டிகைக்குப் பக்கத்திலிருந்த அவருடைய ஊரில் வரதன் தண்ணீர்த் தொட்டி ஆபரேட்டர். காலையும் மாலையும் மோட்டார் போடவேண்டும். அவ்வப்போது மேல்நிலைத் தொட்டிக்குள் இறங்கிச் சுவரில் படிந்த பாசியைத் தேய்த்துக் கழுவி, பிளீச்சிங் பவுடரைக் கரைத்து ஊற்றவேண்டும். பாசி என்றால் அவருக்குப் பரம்பரை விரோதி மாதிரி. அதில் வழுக்கி விழுந்ததில் இடது முழங்கை இன்றைக்கும் முழுதாக நீளாது.

வரதனுக்கு இந்தப் பிறவியில் ஒரே ஒரு ஆசை. பர்மனென்ட் ஆகவேண்டும். மீசை முளைத்த வயதில் சிப்காட்டில் இரும்பு உருக்கும் பட்டறை ஒன்றில் கான்ட்ராக்டில் சேர்ந்தார். அங்கே பர்மனென்ட் ஆகிற நேரம் பார்த்து கான்ட்ராக்டர் மாறுவார். ஆள் அதே ஆள்தான், பெயர்ப்பலகைதான் வேறு. வரதன் மறுபடியும் புது ஆள். காட்டுப்பள்ளிப் பக்கம் கொஞ்ச காலம் பெயின்ட் அடித்தார். அங்கேயும் கான்ட்ராக்ட். பிறகு ஊராட்சி வேலை. அதைக் கிட்டத்தட்ட அரசாங்க வேலை என்று சொல்லித்தான் ஈஸ்வரியின் வீட்டில் பெண் கொடுத்தார்கள். அந்தக் 'கிட்டத்தட்ட' கல்யாணம் முடிந்து, பெண்ணைப் பெற்று, அவள் படித்துமுடித்து, அவளையும் கட்டிக்கொடுத்த பிறகும் கிட்டத்தட்டவாகவே இருந்தது.

இந்த நிலையில்தான் பசுந்துளி கம்பெனி வந்தது.

ஊருக்குப் பக்கத்துத் தொழிற்பூங்காவின் கடைசி மூலையில் ஒரு வேலி, ஒரு ஷெட், சிமென்ட் பூசிய நீளநீளமான ஏழு தொட்டிகள். தொட்டித் தண்ணீரில் சோடா உப்பைப் போட்டுப் பாசி வளர்க்கிறார்கள் என்று செய்தி பரவியபோது ஊரே சிரித்தது. ஏரியில் ஓசியில் கிடைப்பதை இவன் ஏன் ஷெட் போட்டு வளர்க்கிறான்? மேனேஜர் மோகன்ராஜ், கோட்டுப் போட்டுக்கொண்டு வெயிலில் வேர்த்துக்கொண்டே, இது ஸ்பைருலினா, இது நுண்பாசி, கண்ணுக்கே தெரியாது, உலகத்தையே காப்பாற்றப் போகிறது என்று விளக்கினார். கண்ணுக்குத் தெரியாமல் உலகத்தைக் காப்பாற்றுகிறவர்களை ஊர்க்காரர்கள் ஏற்கெனவே நிறையப் பார்த்திருந்ததால் பெரிதாக ஆச்சரியப்படவில்லை.

தொட்டிக்கு ஆள் வேண்டும் என்றதும் வரதன் போய் நின்றார்.

"தண்ணி, மோட்டாரு, தொட்டி... இதெல்லாம் தெரியுமா?"

"அதான் சார் நம்ப பொழப்பே."

"பாசி பத்தித் தெரியுமா?"

"அதப் பத்தி எல்லாமே தெரியும் சார்" என்றார் வரதன். அதை எப்படிக் கொல்வது என்பதில் எல்லாமே தெரியும் என்ற மீதியை மோகன்ராஜ் கேட்கவில்லை, இவரும் சொல்லவில்லை. கான்ட்ராக்டில் சேர்த்துக்கொண்டார்கள்.

வேலை கஷ்டமில்லை. தொட்டியில் துடுப்புச் சக்கரம் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். தண்ணீர் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலை, சக்கரம் தூங்கிவிடாமல் பார்த்துக்கொள்வது வரதனின் வேலை. பச்சை கெட்டியானதும் துணியில் வடிகட்டிப் பிழிந்து, முறுக்கு அச்சு மாதிரி ஒரு மெஷினில் பிழிந்து காயவைப்பார்கள். காய்ந்ததைப் பொடி பண்ணினால் அதிலிருந்து எல்லாம் வரும். சோப்பு வரும், பல்பசை வரும், நூடுல்ஸ் வரும், மீனுக்குத் தீனி வரும். பாசியை ஏதோ ஒரு நுரையோடு கலந்து செருப்புகூடச் செய்தார்கள். எல்லாமே பச்சை. பொங்கலுக்கு ஊழியர்களுக்கு ஒவ்வொன்றிலும் ஒன்று போட்டு ஒரு பை கொடுத்தார்கள்.

ஈஸ்வரி பையைக் கவிழ்த்துப் பார்த்தாள்.

"இன்னாய்யா இது, தொட்டியக் கழுவி அள்ளினு வந்துட்டியா?"

"வாய மூடுமே. எல்லாம் வெளிநாட்டுக்குப் போற சரக்கு."

"போவட்டும். அவங்க ஊட்ல போய் மணக்கட்டும்."

சொன்னாளே தவிர எதையும் வீணாக்கவில்லை. நூடுல்ஸைத் தெருநாய்க்கு வைத்தாள். நாய் மோந்துபார்த்துவிட்டு, இவ்வளவு நாள் பழகியும் இப்படிச் செய்துவிட்டாயே என்பது போல அவளைப் பார்த்தது. பல்பசையால் வரதன் பல் தேய்த்துவிட்டு வந்தபோது, புல் மேய்ந்துவிட்டு வந்தது மாதிரி இருப்பதாகச் சொன்னாள். ஆனால் சோப்பை மட்டும் அவளால் குறை சொல்ல முடியவில்லை. வெயில் காலத்து வேர்க்குரு அதில் அடங்கிவிட்டது. அதை அவள் வாய்விட்டுச் சொல்லாமல், "இன்னும் ரெண்டு எட்த்துனு வா" என்று மட்டும் சொன்னாள். செருப்பும் மோசமில்லை, மெத்தென்று இருந்தது. மழை பெய்தால் அது காலிலேயே வளருமா என்று பக்கத்து வீட்டுக்காரி கேட்டதுதான் தொந்தரவு.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. வரதனுக்கே தெரியாமல் விரோதியின் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டிருந்தது. காலையில் வந்ததும் தொட்டியை எட்டிப் பார்ப்பார்; பச்சை நேற்றைவிடக் கருத்திருந்தால் அன்றைக்கு டீயில் சர்க்கரை கூடுதலாகத் தித்திக்கும். வெயில் அதிகமானால் பச்சை வலை கட்டுவார். தவளை விழுந்தால் திட்டிக்கொண்டே எடுத்துவிடுவார்.

அப்போதுதான் ஹாலந்திலிருந்து ஆள் வரப்போகிறார் என்று மோகன்ராஜ் சொன்னார். சோப்பை மொத்தமாக வாங்குகிற கம்பெனி. அவர்களுக்குத் தொட்டிகள் பிடித்துவிட்டால் ஆர்டர். ஆர்டர் வந்தால் தொட்டி ஏழு இருபதாகும்.

"அப்ப உங்களப் பர்மனென்ட் பண்ணிடலாம்ண்ணே" என்றார்.

மோகன்ராஜுக்கு வேலை ஆகவேண்டுமென்றால் வரதன் அண்ணன். தப்பு நடந்தால் மிஸ்டர் வரதன்.

"நெஜமாவா சார்?"

"ஹெச்.ஆர் ஸ்நேகா மேடம்கிட்டயே பேசிட்டேன். வர்றவங்க திருப்தியாப் போகணும், அவ்ளோதான். வழியெல்லாம் பளிச்சுனு இருக்கணும். கேட்லேர்ந்து ஷெட்டு, ஷெட்லேர்ந்து ஆறு தொட்டியும். ஏழாவது தொட்டி கக்கூஸ் பின்னாடி இருக்கு, அங்க யாரையும் கூட்டினு போகப் போறதில்ல. அத வுட்ருங்க."

பளிச் என்ற சொல் வரதனின் நெஞ்சுக்குள் போய் எங்கே தொடவேண்டுமோ அங்கே தொட்டது. வருகிறவர் கலெக்டர் இல்லை, அமைச்சர் இல்லை. கடல் தாண்டி வருகிறவர். அவருக்கு எத்தனை அகலம்? இதுவரை யாருக்கும் போடாத அகலம்.

முதல்நாள் சாயங்காலம் ஊராட்சியிலிருந்து இரண்டு மூட்டை பிளீச்சிங் பவுடரைச் சொல்லிவைத்து வாங்கிவந்தார். பழைய டின்னையும் எடுத்துவந்தார். கேட்டிலிருந்து ஷெட் வரை முழ அகலக் கோடு. ஷெட்டிலிருந்து தொட்டிகள் வரை இரட்டைக் கோடு. ஆறு தொட்டிகளுக்கும் விளிம்பைச் சுற்றிக் கரை கட்டினது போல் கெட்டியாக ஒரு வெள்ளை பார்டர். தண்ணீருக்குள் போனால்தானே கொல்லும், இது வெளியேதானே. மோகன்ராஜ் வீட்டுக்குப் போகும்போது காரை நிறுத்தி இறங்கிப் பார்த்தார். கல்கத்தாவில் எம்.எஸ்ஸி. படித்தவர். குளோரின் பாசியை என்ன செய்யும் என்று பரீட்சையில் எழுதி நல்ல மார்க் வாங்கியவர். ஆனால் அதற்கும் முன்னால் அவர் சோழவரத்தில் பிறந்து வளர்ந்தவர். பெரிய மனிதர் வந்தால் கோடு இருக்கவேண்டும் என்பது எம்.எஸ்ஸி.க்கு முன்னாலேயே உள்ளே போய்விட்ட படிப்பு.

"சூப்பர்ண்ணே" என்றார். போட்டோகூட எடுத்துக்கொண்டார்.

விடிவதற்குள் ஒரு தூறல் போட்டது. பெரிய மழையெல்லாம் இல்லை. விளிம்பிலிருந்ததை உள்ளே வழித்துவிடுவதற்குப் போதுமான தூறல். மீதியைக் காற்று கவனித்துக்கொண்டது. துடுப்புச் சக்கரங்கள் தங்கள் கடமையில் தவறாமல் எல்லாவற்றையும் நன்றாகக் கலக்கின.

காலையில் வரதன் வேலியைத் தாண்டும்போதே ஆஸ்பத்திரி வாசனை அடித்தது. முதல் தொட்டியில் பச்சை இல்லை. வெந்து வீணாய்ப்போன கீரைத் தண்ணீர் மாதிரி ஒரு மஞ்சள். மேலே அழுக்கு நுரை. இரண்டாவதும் அப்படியே. ஆறாவது வரை ஓடிப் பார்த்துவிட்டு, விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். கொல்லவேண்டிய காலத்தில்கூட இத்தனை பாசியை ஒரே ராத்திரியில் கொன்றதில்லை.

மோகன்ராஜ் வந்து பார்த்தார்.

"மிஸ்டர் வரதன்."

"சார்."

"இன்னா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"மரியாதைக்குப் போட்டேன் சார். நீங்களும் பாத்தீங்களே. சூப்பர்னீங்களே."

அதற்கு மேல் அந்தப் பேச்சை மோகன்ராஜ் வளர்க்கவில்லை. "அவங்க இப்ப தச்சூர் தாண்டிட்டாங்க. நான் பேசிக்கிறேன். நீங்க வாயே தொறக்கக் கூடாது. இன்னா கேட்டாலும் சிரிங்க."

வந்தவரைப் பார்த்ததும் வரதனுக்குக் கொஞ்சம் ஏமாற்றம். ஹாலந்து என்றதும் வெள்ளையாக, உயரமாக யாரோ இறங்குவார்கள் என்று நினைத்திருந்தார். இறங்கியது ஏஞ்சல் என்ற பெண்மணி. எண்ணூர்க்காரி, பதினைந்து வருஷமாக அங்கே இருப்பவர். தோளில் ஒரு பை. பைக்குள் மூன்று தண்ணீர் பாட்டில், கை துடைக்கிற திரவம், வயிற்று மாத்திரை. பிறந்த மண்ணின் மேல் அவ்வளவு நம்பிக்கை. இருந்தும் வழியில் பொங்கல் வடையின் வாசனைக்கு அந்த நம்பிக்கை தோற்று, ஹைவே ஓட்டலில் நாஷ்டா முடித்துவிட்டு வந்திருந்தார்.

"வணக்கம்" என்றார் ஏஞ்சல்.

"குட் மார்னிங் மேடம், வெல்கம் மேடம்" என்றார் மோகன்ராஜ். கடல் தாண்டி வந்தவரிடம் தமிழில் பேசுவது அவமரியாதை என்று அவருக்கு ஒரு எண்ணம்.

மஞ்சள் தொட்டிகளின் முன்னால் நின்று அவர் இங்கிலீஷில் பொழிந்த பொழிவில் வரதனுக்குப் புரிந்தது கொஞ்சம்தான். ஆறு தொட்டிகளும் ரெஸ்ட் எடுக்கின்றனவாம். இது ரெஸ்டிங் ஃபேஸாம். பாசி நிறத்தை உள்ளே இழுத்துக்கொண்டு பலம் சேர்க்கிறதாம். அடுத்த வாரம் எழுந்துவிடுமாம். செத்தவர்களை இத்தனை அழகாகத் தூங்கவைத்து வரதன் பார்த்ததில்லை. சொன்னபடி சிரித்துக்கொண்டே நின்றார்.

ஏஞ்சல் மூக்கைச் சுருக்கினார். ஏதோ கேட்கப் போனார். அதற்குள் ஹைவே பொங்கல் தன் கேள்வியைக் கேட்டுவிட்டது.

"ரெஸ்ட்ரூம் எங்க இருக்கு?"

மோகன்ராஜின் முகம் முதல் தொட்டியின் நிறத்துக்குப் போனது. விருந்தாளிகளுக்கென்று டைல்ஸ் பதித்த கக்கூஸ் ஒன்று உண்டு. விருந்தாளி தவிர யாரும் பயன்படுத்திவிடக் கூடாதென்று அதைப் பூட்டி வைத்திருந்தார்கள். சாவி வைத்திருந்தவர் மச்சினன் கல்யாணத்துக்கு ஊத்துக்கோட்டை போயிருந்தார்.

"மேடம், ஜஸ்ட் டென் மினிட்ஸ்..."

"பத்து நிமிஷமெல்லாம் தாங்காது சார்" என்றார் ஏஞ்சல், பச்சைத் தமிழில்.

வேறு வழியில்லை. ஊழியர்களின் கக்கூஸை வரதன் கைகாட்டினார். போன வேகம் ஒன்று, வந்த வேகம் ஒன்று. வரும்போது ஏஞ்சல் நடுவழியில் நின்றுவிட்டார். எதிரே ஏழாவது தொட்டி. கோடு கிடையாது, பார்டர் கிடையாது. ஓரத்தில் யாரோ துவைத்துப்போட்ட பனியன். தண்ணீர் மட்டும் கரும்பச்சையில், வெல்வெட்டை உருட்டிவிட்டது போல் அலைந்துகொண்டிருந்தது.

"இது இன்னாது?"

மோகன்ராஜ் ஓடிவந்தார். "இது எங்க ஆர் அண்ட் டி மேடம். ரொம்ப கான்ஃபிடென்ஷியல்."

"கக்கூஸ் பின்னாடியா?"

"சேஃப்டிக்காக மேடம்."

"அங்க ஆறும் தூங்குதுன்னீங்க. இது மட்டும் ஏன் சார் முழிச்சினு கீது?" எண்ணூர் மெல்ல மெல்ல ஹாலந்தை விட்டு வெளியே வந்துகொண்டிருந்தது. அவர் வரதன் பக்கம் திரும்பினார். "நீங்க சொல்லுங்கண்ணே. நீங்கதானே பாத்துக்கறீங்க?"

வரதன் சிரித்தார். அதுதான் உத்தரவு. ஏஞ்சலும் காத்திருந்தார். சிரிப்பு ஒரு கட்டத்துக்கு மேல் கன்னத்தில் வலித்தது. இரும்புப் பட்டறையும், காட்டுப்பள்ளி பெயின்ட்டும், கிட்டத்தட்ட அரசாங்க வேலையும் வரிசையாக வந்து கண்முன்னால் நின்றன. வாயை மூடிக்கொண்டிருந்தால் இந்தத் தடவை ஆகிவிடலாம். ஆனால் இரண்டு வருஷமாக வெயிலுக்கு வலை கட்டி வளர்த்ததை, சாகடித்ததும் இல்லாமல் தூங்குவதாகவும் சொல்லிக்கொண்டு நிற்பது அவருக்கு என்னவோ போலிருந்தது.

"இதுக்கு நான் மரியாத பண்ணல மேடம். அதான் உசுரோட கீது."

"புரியலயே."

"நீங்க வர்றீங்கன்னு அந்த ஆறுக்கும் பிளீச்சிங் பவுடர் கோடு போட்டேன். தூறல்ல உள்ள எறங்கிச்சு. செத்துப் பூட்ச்சு. இங்கதான் நீங்க வரமாட்டீங்கன்னு ஒண்ணும் போடாம வுட்டேன். சாரு மேல தப்பில்ல, என்னுதுதான்."

"நானும் பாத்தேன் மேடம்" என்றார் மோகன்ராஜ், யாரும் எதிர்பார்க்காமல். "போட்டோ எடுத்தேன்."

ஏஞ்சல் போட்டோவைக் காட்டச் சொன்னார். பார்த்தார். எண்ணூரில் அவருடைய பள்ளிக்கூடத்துக்கு யாரோ வந்த அன்றைக்குப் போட்ட கோட்டில் மிதித்து, ஷூ வெள்ளையாகி டீச்சரிடம் அடி வாங்கியதைச் சொல்ல ஆரம்பித்தவர், சொல்லி முடிக்க முடியாமல் தொட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்ப இத எப்டி சரி பண்ணுவீங்க?" என்று கேட்டார்.

பொய் தீர்ந்துபோன பிறகுதான் மோகன்ராஜுக்குப் படித்தது ஞாபகம் வந்தது. ஆறையும் வடித்து, கழுவி, வெயிலில் காயவிட்டு, புதுத் தண்ணீரில் உப்புப் போட்டு, இந்த ஏழாவதிலிருந்து விதை எடுத்து ஒவ்வொன்றாகப் பெருக்குவது எப்படி என்று தமிழிலேயே தெளிவாகச் சொன்னார். அன்றைக்கு அவர் பாசியைப் பற்றிச் சொன்னதில் அதுதான் ஒரே உண்மை, அதுதான் ஒரே உபயோகமும்.

ஏஞ்சல் எல்லாவற்றையும் குறித்துக்கொண்டு காரில் ஏறிப் போய்விட்டார். வரதன் வீட்டில் விஷயத்தைச் சொன்னபோது ஈஸ்வரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"யோவ், சிரிக்கத்தானே சொன்னாங்க? அதுகூடவா உன்னால முடியல?"

"கேட்டாங்கமே. எப்டி சொல்லாம இருக்கறது?"

"கட்ன நாள்லேர்ந்து நானுந்தான் எவ்ளோ கேட்டுக்கினு கீறேன். எதுக்குனா பதில் சொல்லியிருக்கியா?"

ஆறு தொட்டிகளும் மறுபடி பச்சையாவதற்குள் வரதன் இளைத்துப் போனார். எந்த நாளும் வேலையை விட்டு நிறுத்திவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். ஒருநாள் ஸ்நேகா மேடம் கூப்பிட்டு அனுப்பினார். கையைக் கழுவிக்கொண்டு போனார். அங்கே உத்தரவு இல்லை, போட்டோகிராஃபர் இருந்தார்.

ஹாலந்துக்காரர்கள் ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். கூடவே ஒரு நிபந்தனை. சோப்பு உறையில் அந்தத் தொட்டிக்காரரின் முகம் வேண்டும். உண்மையான முகத்துக்கு அங்கே ரொம்ப மதிப்பாம்.

போட்டோகிராஃபர் உண்மையான முகத்தைத் தயார் செய்தார். பேன்ட்டைக் கழற்றி வேட்டி கட்டச் சொன்னார். தலையில் முண்டாசு. கன்னத்தில் கொஞ்சம் சேறு. மீசையைக் கீழ்நோக்கி இறக்கி ஒரு சோகம்.

"கண்ணாலத்துக்குக்கூட இந்த மனுஷன் தலப்பா கட்டல" என்றாள் ஈஸ்வரி, உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து. 'வரதன், பாசி விவசாயி' என்று இங்கிலீஷில் அச்சாகியிருந்தது. "ஊட்ல இந்த மூஞ்சிய பாக்கறது போதாதுன்னு இனிமே குளிக்கச் சொல்லவும் பாக்கணுமா?"

உறைகள் லாரியில் வந்து ஷெட்டை நிரப்பின. அதற்குப் பிறகுதான் ஹாலந்திலிருந்து ஒரு சின்ன சந்தேகம் வந்தது: உறையில் இருக்கிற இவர் உங்கள் ஊழியர்தானே?

ஸ்நேகா மேடம் ஏட்டைப் புரட்டிப் பார்த்து நெற்றியைப் பிடித்துக்கொண்டார். இல்லை. இவர் கான்ட்ராக்டர் ஆள். ஹாலந்துச் சட்டத்தில் அது பெரிய வம்பாம். இரண்டே வழி: ஷெட் நிறைய உறைகளைக் கொளுத்திவிட்டுப் புதிதாக அச்சடிக்கவேண்டும், அல்லது வரதனைப் பர்மனென்ட் ஆக்கவேண்டும். மேலிடத்தில் ஒரு முழுநாள் கூடிப் பேசினார்கள். வரதனின் இத்தனை வருஷத்து உழைப்பு சாதிக்காததை உறை அட்டையின் விலை சாதித்தது.

"கங்கிராட்ஸ் அண்ணே" என்று கையெழுத்துக்குத் தாளை நீட்டினார் ஸ்நேகா. "ஒரே ஒரு கண்டிஷன். ரேப்பர் ஸ்டாக் தீர்ற வரைக்கும் நீங்க வேலைய வுட்டுப் போகக் கூடாது. அப்புறம் பாக்கவும் அதே மாதிரியே இருக்கணும். முக்கியமா மீசை."

"எப்ப மேடம் தீரும்?"

"நீங்க ரிட்டையர் ஆன அப்புறம்தான்."

வரதன் ஒரு எழுத்தும் படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கவரப்பேட்டையில் சலூனுக்குப் போனார். நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடினார். கன்னத்தை மழித்துக்கொண்டே வந்த கத்தி வழக்கம்போல மேலுதட்டுப் பக்கம் திரும்பியதும் சட்டென்று எழுந்து உட்கார்ந்தார்.

"நைனா, நைனா, மீசையத் தொடாத."

"கொஞ்சம் ட்ரிம் பண்றேண்ணா. ஒரு பக்கம் கீழ எறங்கிக்கினு கீது."

"எறங்கியே இருக்கட்டும்" என்றார் வரதன், கண்ணாடியில் தன்னைத் தானே மரியாதையோடு பார்த்துக்கொண்டு. "அது கம்பெனியுது."